கிரீட் தென்கரை: ஸ்ஃபாக்கியாவிலிருந்து லூத்ரோ வரை ஒருநாள் நடையும் நீச்சலும்

தேன்மலர்

செப்டம்பர் கடைசி வாரம் ஏழு பேராகக் கிரீட் தீவுக்குப் போகிறோம். ஒரு நாளைத் தென்கரைக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஹோரா ஸ்ஃபாக்கியோனில் (சுருக்கமாக ஸ்ஃபாக்கியா) தொடங்கி, கிளிக்கா நேரா கரையில் நீந்தி, லூத்ரோ வரை நடந்து, படகில் திரும்புவதாகத் திட்டம். வழிகாட்டி ஒருவரை அமர்த்தப் போகிறோம். ஏழு பேரில் இருவருக்கு நீச்சல் சுமார்தான். ஒருவருக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். 12 வயதுப் பிள்ளை ஒன்றும் உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு தண்ணீர் சுமப்பது, வழிகாட்டியிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்பது? போய்ப் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கரைநடை

முதலில் மாலைப் படகின் நேரத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியதுதான். லூத்ரோவுக்குச் சாலை கிடையாது. காரும் வராது, ஆம்புலன்ஸும் வராது. படகில் வரலாம், இல்லையென்றால் நடந்து வரலாம். மாலைப் படகு அகியா ரூமேலியில் புறப்பட்டு, சமரியா பள்ளத்தாக்கில் 16 கி.மீ. நடந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு, லூத்ரோவைத் தொட்டு ஸ்ஃபாக்கியாவுக்கு வரும். லூத்ரோவிலிருந்து ஸ்ஃபாக்கியா அரை மணிக்கும் குறைவு. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் நாள் மாலையே துறைமுகத்துச் சீட்டுக் கூண்டில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் போன வருட அட்டவணைகளும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி பாதை. துறைமுகத்திலிருந்து அனோபொலி போகும் தார்ச்சாலையில் மேற்கே ஏறத்தாழ 2.5 கி.மீ. ஈலிங்காஸ் கரையைத் தாண்டியதும் சாலை முதல் கொண்டை ஊசி வளைவெடுத்து மலையேறத் தொடங்கும். அந்த வளைவிலேயே கால்நடைப் பாதை பிரிந்து கடலோரமாகப் போகிறது. ஐரோப்பாவின் நெடும்பாதைகளில் ஒன்றான ஈ4 இதுதான். மஞ்சளும் கறுப்புமாக அடையாளம் போட்டிருப்பார்கள். தார்ச்சாலைப் பகுதியை டாக்ஸியில் கடந்துவிடுங்கள். காலையில் அந்த முக்கால் மணி நேரத்தைச் சேமித்தால் கடலில் அமைதியான முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

வளைவிலிருந்து கிளிக்கா நேரா 45 நிமிடம் முதல் ஒரு மணி. அங்கிருந்து லூத்ரோ ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி. துறைமுகத்திலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 7 கி.மீ. அளவுதான். தூரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சமதளம் என்று எதுவும் இல்லை. முதலில் பாறையில் வெட்டிய விளிம்பு, பிறகு மலை சரிந்து கொட்டிய பெரும் பாறைக் குவியல், அதன் பின் கால் புதையும் கூழாங்கல். பாறைக் குவியலில் கையையும் ஊன்றி ஏறி இறங்க வேண்டியிருக்கும். அடையாளம் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு மஞ்சள் குறியைத் தொட்டதும் அடுத்தது எங்கே என்று கண்ணால் பிடித்துவிட்டு அடியெடுத்து வைப்பது வழக்கமாக வேண்டும். குறி காணவில்லை என்றால் கீழே கடலை நோக்கி இறங்கிப் பார்க்காதீர்கள். கடைசியாகக் கண்ட குறிக்கே திரும்புங்கள்.

செப்டம்பர் கடைசியில் அங்கே விடிவது காலை 7 மணி 10 நிமிடத்துக்கு மேல். 7.30க்கு வளைவில் நின்றால் 8.30க்குக் கிளிக்கா நேரா. 11 மணி வரை அங்கேயே நீந்தி, சாப்பிட்டு, பகல் 12.30க்குள் லூத்ரோ போய்ச் சேர்ந்துவிடலாம். கரை முழுதும் தெற்கு பார்த்தது. பின்னால் சுவர் போல மலை. நிழல் தரும் மரம் அநேகமாக இல்லை. வெயில் மேலிருந்தும் விழும், பாறையிலிருந்தும் திரும்பி அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் இந்த நடையை 11 மணிக்குத் தொடங்குபவர்களுக்குத்தான் வெப்ப மயக்கம் வருகிறது.

முகடு

கரைநடை சொன்ன திசைக்கு நேர்மாறாகப் போகச் சொல்வேன். காலைப் படகில் லூத்ரோ போய், அங்கிருந்து கிழக்கே நடந்து ஸ்ஃபாக்கியாவில் முடியுங்கள். காரணம் ஒன்றுதான். காற்று ஏறினால் மாலைப் படகு நிற்கும். காலையில் ஓடிய படகு மாலையில் ஓடும் என்ற உறுதி இல்லை. நடையை ஸ்ஃபாக்கியாவில் முடிப்பவருக்குப் படகு நின்றாலும் கவலை இல்லை, வண்டி அங்கே இருக்கும். லூத்ரோவில் மாட்டிக்கொண்டால் ஏழு பேருக்கும் இரவு அறை தேட வேண்டும்.

கரைநடை

காரணம் சரி. ஆனால் அதற்கு விலை உண்டு. முதல் படகு லூத்ரோவில் இறக்கிவிடுவதற்குள் குளிர்ந்த நேரம் பாதி போயிருக்கும். பாறை விளிம்பு நீந்திக் களைத்த பிறகு வரும், தார்ச்சாலை உச்சி வெயிலில் வரும். உயரத்துக்குப் பயப்படுபவர் உள்ள குழுவில் அந்த விளிம்பைக் காலையிலேயே, கால் புதிதாக இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக நிற்பேன். இரண்டுக்கும் நடுவழி: முதல் நாள் இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மாலைக்குக் காற்று ஏறும் என்றோ, தெற்கிலிருந்து அலை வரும் என்றோ இருந்தால் முகடு சொன்னபடி செய்யுங்கள். அமைதி என்றால் நான் சொன்னபடி.

முகடு

ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையானாலும் ஒவ்வொருவர் பையிலும் அவரவர் மாத்திரைகள், ஒரு கம்பளிச் சட்டை, கைப்பேசி மின்னேற்றி இருக்கட்டும். இரவு தங்க நேர்ந்தால் அது போதும்.

தேன்மலர்

அந்த விளிம்பு எப்படி இருக்கும்? எங்கள் குழுவில் பயப்படுபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

முகடு

மலைச்சுவரில் உடைத்துச் செதுக்கிய பாதை. ஒருவர் தாராளமாக நடக்கலாம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மேற்கே போகும்போது வலக்கைப் பக்கம் பாறை, இடக்கைப் பக்கம் கடல். தடுப்புக் கம்பி கிடையாது. கீழே பார்த்தால் நேரே நீலத் தண்ணீர் தெரியும். வழுக்கும் பாதையல்ல, ஏற வேண்டியதும் இல்லை. கால் இடறாமல் நடப்பது ஒன்றே வேலை.

பயப்படுபவர் வழிகாட்டிக்கு நேர் பின்னால் நடக்கட்டும். கண், முன்னே போகிறவரின் குதிகாலில் இருக்கட்டும். வலக்கை பாறையைத் தடவிக்கொண்டே போகலாம். நடைக்கோலை அந்த இடத்தில் மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள். கோலின் நுனி பாறை இடுக்கில் சிக்கினால் உடம்பு கடல் பக்கம் திரும்பிவிடும். பையின் வெளிப்பக்கம் பாய், தண்ணீர்ப் புட்டி என்று எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. அது சுவரில் இடித்து ஆளையே வெளியே தள்ளும். படம் எடுப்பவர் நின்று எடுக்கட்டும், நடந்துகொண்டே வேண்டாம்.

மேலே ஆடு நின்றால் அதன் அடியில் நிற்காதீர்கள். இந்தச் சரிவு முழுதும் ஆடுகள் மேயும். குளம்பு பட்டு உருளும் கல் கையளவுதான் இருக்கும், ஆனால் விழும் உயரம் அதிகம். கல் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் சுவரோடு ஒட்டி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டும்.

அவரால் முடியாது என்று முன்பே தெரிந்தால் வற்புறுத்த வேண்டாம். படகில் லூத்ரோ வந்து, அங்கிருந்து கிளிக்கா நேரா வரை நடந்து எதிரே வரட்டும். அந்தப் பாதி அவ்வளவு திறந்த விளிம்பல்ல. சுற்றுலாப் பருவத்தில் லூத்ரோவிலிருந்து சிறு படகுகளும் அந்தக் கரைக்கு வரும்.

வாடைக்காற்று

நடையைப் பற்றிப் பேசினீர்கள், நீச்சலைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கரையில் ஆபத்தான காற்று கடலிலிருந்து வருவதல்ல, மலையிலிருந்து இறங்குவது.

கோடையில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்றை மெல்தெமி என்பார்கள். நம் வாடைதான், ஆனால் கோடைக்காலத்து வாடை. தீவின் வடகரையில் அது அலையாகத் தெரியும், எல்லோரும் பார்த்துப் பயப்படுவார்கள். தென்கரையில் 2,453 மீட்டர் உயரப் பாக்னெஸ் சிகரம் உள்ள வெள்ளை மலைத்தொடர் நடுவில் நிற்கிறது. காற்று அதைத் தாண்டி, பள்ளத்தாக்குகளின் வாய் வழியாகக் கடலுக்குள் கொட்டும். கரையோரத்தில் தண்ணீர் தட்டையாக, குளம் போலவே இருக்கும். ஏனென்றால் அலை எழ அங்கே தூரம் போதாது. நூறு மீட்டர் தள்ளிப் பாருங்கள், தண்ணீரின் மேல் கருநிறத் திட்டுகள் விசிறி போல விரிந்து வெளியே ஓடும். அதுதான் காற்று விழும் இடம். அதற்கும் அப்பால் வெள்ளை நுரை தெரிந்தால் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுமாராக நீந்துபவர்களுக்கு இங்கே மிகப் பெரிய எதிரி காற்றடைத்த மிதவைப் படுக்கை. படுத்துக் கண்ணை மூடினால் கரை நகர்வது தெரியாது. கண் திறக்கும்போது 200 மீட்டர் தள்ளி இருப்பார்கள். பிள்ளையின் பந்தோ வளையமோ காற்றில் போனால் போகட்டும். அதைத் துரத்தி நீந்தவே கூடாது. அது எப்போதும் நம்மைவிட வேகமாகப் போகும்.

தள்ளப்பட்டால் என்ன செய்வது? காற்றுக்கு நேர் எதிராகக் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள், ஐந்து நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். காற்றுப் பட்டை அகலம் குறைந்தது. பக்கவாட்டில், செங்குத்துப் பாறையின் ஒதுக்குக்கு நீந்துங்கள். அங்கே காற்று தலைக்கு மேலே போகும், தண்ணீர் ஓய்ந்திருக்கும். பிறகு பாறையோரமாகவே கரைக்கு வரலாம். மூச்சு வாங்கினால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள்.

விவிலியம் படித்தவர்களுக்கு இந்தக் காற்று புதிதல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் கிரேத்தாதீவின் பேனிக்ஸ் துறைமுகத்தில் மழைகாலத்தைக் கழிக்கப் புறப்பட்டு, யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் அடித்துச் செல்லப்படுகிறது. அந்தப் பேனிக்ஸ் என்று பெரும்பாலோர் கருதுவது லூத்ரோவுக்கு மேற்கே மேட்டைத் தாண்டினால் வரும் ஃபீனிக்காஸ் குடாவைத்தான். தென்றல் மெதுவாக அடித்தபோது கிளம்பினார்கள் என்று அங்கே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். காலையில் அமைதியாக இருக்கும் கடல் பிறகு முகம் மாறுவது இன்றும் அங்கே நடப்பதுதான்.

நெய்தல்நிலா

வாடைக்காற்று சொன்னது முழுக்கச் சரி. நான் நீச்சல் குழுவை எப்படி நடத்த வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், நடை வழிகாட்டி எல்லாரும் தண்ணியில ஆள் காப்பாத்தத் தெரிந்தவர் இல்லை. மலை வழிகாட்டிச் சான்றிதழ் வேறு, உயிர்காப்பு நீச்சல் சான்றிதழ் வேறு. கதைக்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கோ. ஏழு பேர், அதில் இரண்டு பேர் சுமார், ஒரு பிள்ளை என்றால் தண்ணிக்குள் ஒருவர், கரையில் ஒருவர் என்று இரண்டு பொறுப்பான ஆட்கள் வேண்டும். வழிகாட்டி ஒருவர்தான் என்றால் உங்கள் குழுவில் நல்லாய் நீந்தக்கூடிய ஒருவர் அந்த நேரம் நீந்தாமல் கரையில் நிற்கத்தான் வேணும். நின்று எண்ண வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் தலை எண்ணுவது.

ஒவ்வொருவர் இடுப்பிலும் நல்ல நிறத்தில் இழுவை மிதவை கட்டியிருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறம் தூரத்தில் தெரியும். அது ஆளைத் தாங்கும் உயிர்காப்பு அங்கி இல்லை, இளைப்பாறப் பிடித்துக்கொள்ளலாம், படகுக்காரருக்கு அடையாளம் காட்டும், அவ்வளவுதான். சுமாராக நீந்துபவர்களுக்கும் பிள்ளைக்கும் மிதவை அங்கியே போடுங்கோ. வழிகாட்டியிடம் எறிகயிற்றுப் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கோ.

தூரம்: கரைக்கு இணையாக, கரையிலிருந்து 20, 25 மீட்டருக்குள். போவது 200 மீட்டர், திரும்புவது 200 மீட்டர், முதல் நாளுக்கு அது காணும். முதலில் எந்தப் பக்கம் நீந்தக் கஷ்டமோ அந்தப் பக்கம் போங்கோ. களைத்துத் திரும்பும்போது தண்ணி உங்களைக் கொண்டுவந்து விடும்.

உடுப்பு முக்கியம். பருத்திச் சுடிதார், டீ சட்டையோடு இறங்கினால் நனைந்து பாரமாகும், கால் சுற்றும், வெளியே வந்ததும் காற்றில் குளிர் பிடிக்கும். உடம்பை மூட விரும்புவோருக்கு உடலோடு ஒட்டும் முழுக்கை நீச்சல் மேலாடையும் நீளக் காற்சட்டையும் கிடைக்குது. வெயிலும் படாது, ஜெல்லிமீனும் சுணைக்காது. துப்பட்டா தண்ணிக்குள்ள வேண்டவே வேண்டாம்.

நீந்திய உடுப்போடு லூத்ரோவுக்கு நடக்க வெளிக்கிடாதேங்கோ. உப்புத் துணி தொடையில் உரசி அரை மணியில் தோல் போய்விடும். உலர்ந்த உடுப்பு மாற்றி, தொடையிலும் குதிகாலிலும் வாசலின் பூசிக்கொண்டு நடவுங்கோ. காலுறையும் இன்னொரு சோடி.

தேன்மலர்

இரண்டு ஆள் என்ற கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அந்தக் கரையில் குடிதண்ணீர் ஊறும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் தண்ணீர்ச் சுமை குறையுமா?

கரைநடை

கிளிக்கா நேரா என்றால் கிரேக்கத்தில் இனிப்புத் தண்ணீர். நம்மூரில் ‘நல்ல தண்ணி’ என்போமே, அதே பொருள். வெள்ளை மலைகள் சுண்ணாம்புக் கல். மலையில் விழும் மழையும் பனியும் மேலே ஓடையாக ஓடாமல் கல்லின் பொந்துகள் வழியாக உள்ளே இறங்கி, இங்கே கடல்மட்டத்தில் கூழாங்கல்லுக்கு அடியில் வெளியே வருகிறது. கரையின் பின்பாதியில் முன்பே தோண்டிய குழிகள் இருக்கும். இல்லாவிட்டால் முழங்கை ஆழம் கையாலேயே தோண்டினால் போதும். முதலில் கலங்கலாக ஊறும். இரண்டு மூன்று தடவை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளியும், தொட்டால் விரல் கூசும் குளிர்ச்சி. அலைக்கு மிக அருகில் தோண்டினால் உப்புக் கலக்கும்.

பலர் அப்படியே குடிக்கிறார்கள். பருவம் முழுக்க ஆட்கள் தங்கிப் புழங்கும் கரை என்பதால் வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ போட்டுக் குடிப்பதுதான் என் யோசனை. அதை நம்பிச் சுமையைக் குறைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 3 லிட்டர், பிள்ளைக்கு 2 லிட்டர். அதில் ஒரு லிட்டரை உப்புச் சர்க்கரைக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தட்டையாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்த்தால் தலைவலியும் கால் பிடிப்பும் வரும்.

ஊற்று நீரின் உண்மையான பயன் குளியலுக்கு. நீந்தி முடித்ததும் ஒரு புட்டி நீரை மேலே ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள், நெய்தல்நிலா சொன்ன உரசல் பாதி குறையும். குழிக்கு அருகில் சோப்பு மட்டும் வேண்டாம். அடுத்த ஆள் குடிக்கும் தண்ணீர் அது.

உட்காரும் இடம் பற்றி ஒரு கண்டிப்பான சொல். மாலையில் மலைச்சுவரின் நிழல் ஆசை காட்டும். சுவருக்கு நேர் அடியில் விரிப்பைப் போடாதீர்கள். அங்கே கிடக்கும் பெரிய கற்களைப் பாருங்கள், அவை கடல் கொண்டுவந்தவை அல்ல. சுவரிலிருந்து தள்ளி, கரையின் முன்பாதியில், சொந்தக் குடையோடு உட்காருங்கள். மேற்கு முனையில் பாறையின் மேல் சிறு உணவகம் ஒன்று உண்டு. பருவத்தில் திறந்திருந்தால் அங்கே நிழல் கிடைக்கும்.

இன்னொரு விவரம், குடும்பமாகப் போவதால் முன்பே தெரிந்திருப்பது நல்லது. இந்தக் கரையில் ஆடையின்றிக் குளிப்பவர்களும் உண்டு. அங்கே அது வழக்கம். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரையும் சேர்த்துப் படம் எடுக்காதீர்கள்.

கடல்முள்

உயிரினங்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. கூழாங்கல் கரை என்பதால் வெறுங்கால் கூடாது, ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி வேண்டும். கரையின் இரு முனைப் பாறைகளிலும் கடல் முள்ளெலி அடர்த்தியாக ஒட்டியிருக்கும். மிதித்துவிட்டால் வெந்நீரிலோ வினிகரிலோ ஊறவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மட்டும் இடுக்கியால் நேராக இழுங்கள். கிளறினால் உள்ளேயே முறியும். மூட்டருகில் ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சிங்கமீன் சூயஸ் கால்வாய் வழியாக வந்து இந்தக் கடலில் குடியேறிவிட்டது. பகலில் பாறைக் குகை விளிம்பில் தலைகீழாகக் கூடத் தொங்கும். வரிவரியாக விசிறித் துடுப்பு, அழகாக இருக்கும், தானாக வந்து தாக்காது. நீங்கள் பாறை இடுக்கில் கை வைத்தால்தான் முள் ஏறும். குத்தினால் வலி உயிர் போகும். பொறுக்கும் அளவு சூடான நீரில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை கையை வைத்திருக்க வேண்டும். அதற்காகவே ஒரு சிறு வெந்நீர்க் குடுவை வழிகாட்டியின் பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். குத்துப்பட்டவரின் கைக்குச் சூடு தெரியாது, அதனால் வேறொருவர் கையை விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

செந்நிறப் புழு ஒன்று, பக்கவாட்டில் வெள்ளைப் பஞ்சு போல மயிர், பாறை மேல் மெதுவாக ஊரும். நெருப்புப் புழு என்பார்கள். அந்தப் பஞ்சு முழுக்கக் கண்ணாடித் துகள் போல முள். பிள்ளைகள் கையில் எடுக்கப் பார்ப்பார்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் ஒட்டும் பட்டையை ஒட்டி உரித்தெடுங்கள்.

இருட்டான கடற்குகைகளுக்குள் நீந்திப் போகாதீர்கள். மத்தியதரைக் கடலின் துறவிச் சீல் அரிய இனம், அப்படிப்பட்ட குகைகளில்தான் ஓய்வெடுத்துக் குட்டி போடும். ஆள் சத்தம் கேட்டால் இடத்தையே விட்டுவிடும்.

தேன்மலர்

தண்ணீருக்குள் திடீரென்று கண் மங்கலாகிவிடும் என்று ஓரிடத்தில் படித்தேன். முகக்கண்ணாடி கோளாறா?

நெய்தல்நிலா

இல்லை, அது ஊற்று. நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விடப் பாரம் குறைவு, அதனால மேலே பரவும். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து போகும். சர்க்கரைப் பாகைத் தண்ணியில ஊத்தினால் கம்பி கம்பியாய் நெளியும் பாருங்கோ, அப்படித்தான் உங்கள் கையே நெளியும். ஒரு முழம் கீழே முங்கினால் திரும்பத் தெளிவாயிருக்கும், சூடாயும் இருக்கும். செப்டம்பரில் கடல் 25 பாகை அளவில் நல்ல இதமாய் இருக்க, ஊற்று வாயில் மட்டும் பனி தொட்ட மாதிரி நெஞ்சில் அடிக்கும். பிள்ளைக்கும் நீச்சல் பழகாதவர்களுக்கும் இதை முதலே சொல்லி வையுங்கோ. எதிர்பாராமல் குளிர் பட்டால் மூச்சை இழுத்துத் தண்ணி குடித்துவிடுவார்கள். கரையில் நின்று அந்த இடத்தில் காலை வைத்துப் பழகிவிட்டு இறங்குவது நல்லது.

முகடு

லூத்ரோவில் நேரம் மிஞ்சினால் ஆசைப்பட்டு மர்மரா கரைக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். மேற்கே ஃபீனிக்காஸ், லீக்கோஸ் வழியாக ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நடை. கடல் அரித்த பளிங்குப் பாறைகளும் குகைகளுமாக மிக அழகான இடம், அராதேனா பள்ளத்தாக்கு அங்கேதான் கடலைத் தொடுகிறது. ஆனால் போக வர மூன்று மணி, மறுபடியும் விளிம்புப் பாதை. உங்கள் குழுவுக்கு அதே நாளில் வேண்டாம். ஃபீனிக்காஸ் மேடு வரை 20, 25 நிமிடம் நடந்து பழைய கோட்டைச் சுவரையும் இருபுறக் கடலையும் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

செம்பருத்தி

சைவச் சாப்பாடு? கேட்பவர் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். லூத்ரோ உணவகங்களில் பஞ்சமே இல்லை. காய்ந்த பார்லி ரொட்டியில் தக்காளியும் மிஸித்ரா பாலாடைக்கட்டியும் வைத்தது தாக்கோஸ். வேகவைத்த கீரை ஹோர்த்தா, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். ஸ்ஃபாக்கியா அடை என்பது உள்ளே மிஸித்ரா வைத்துத் தட்டையாகத் தட்டிச் சுட்டு மேலே தேன் ஊற்றியது, நடந்து வந்தவருக்கு அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. வழியில் தின்ன பார்லி ரொட்டி, ஆலிவ், உலர்ந்த அத்தி எடுத்துப் போங்கள், வெயிலில் கெடாது. சாப்பிட்டு முடித்ததும் ராக்கி என்ற திராட்சைச் சாராயத்தை அன்போடு சிறு குவளையில் கொண்டுவந்து வைப்பார்கள். மறுபடி நீந்தப் போகிறவர்கள் நன்றி சொல்லி ஒதுக்கிவிட வேண்டும்.

தேன்மலர்

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவற்றை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: நீச்சல் மீட்புச் சான்றிதழ், இரண்டாவது ஆள், எறிகயிறு, வெந்நீர்க் குடுவை, காற்று வந்தால் மாற்றுத் திட்டம். ஏதாவது விட்டுப்போனதா?

வாடைக்காற்று

இரண்டு விட்டுப்போயிற்று. ஒன்று, நீச்சலை ரத்து செய்யும் முடிவு யாருடையது, எப்போது எடுப்பார் என்று கேளுங்கள். ‘அங்கே போய்ப் பார்க்கலாம்’ என்பது பதில் அல்ல. ‘கருந்திட்டு தெரிந்தால் யாரும் கழுத்தளவு போக மாட்டார்கள்’ என்பது போல ஓர் அளவுகோல் சொல்ல வேண்டும். அளவுகோல் சொல்லும் வழிகாட்டியை நம்பிப் போகலாம்.

மற்றொன்று தகவல்தொடர்பு. மலைச்சுவரின் அடியில் பல இடங்களில் கைப்பேசிச் சிக்னல் இருக்காது. அவசர எண் 112, கிரேக்கக் கடலோரக் காவல் 108, ஆம்புலன்ஸ் 166. கிளிக்கா நேராவில் ஒருவருக்குக் கால் உடைந்தால் அவரைப் பாறைக் குவியல் வழியே தூக்கிப்போக முடியாது, படகுதான் வர வேண்டும். எனவே லூத்ரோ சிறு படகுக்காரர் எண் வழிகாட்டியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். விடுதியில் ஒருவரிடமும் உங்கள் வழியையும், திரும்பும் படகின் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கரைநடை

படகு ஏறும்போது கவனிக்க ஒன்று. இந்தக் கரையில் ஓடும் பெரிய படகுகள் முன்பக்கத்துப் பலகையைக் கரையில் இறக்கி ஆள் ஏற்றுபவை. அவற்றில் ஒன்றுக்குத் தாஸ்கலோயன்னிஸ் என்று பெயர். 1770இல் ஓட்டோமான் ஆட்சியை எதிர்த்து எழுந்த, மேலே அனோபொலியைச் சேர்ந்த தலைவரின் பெயர் அது. படகு லூத்ரோவுக்குள் திரும்பும்போது அதன் அலை கூழாங்கல்லில் முழங்கால் உயரம் ஏறிப் பின்வாங்கும். அதன் ஒலி கேட்டதுமே பிள்ளையைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிட்டுவிடுங்கள். விரிப்பு, காலணி எல்லாவற்றையும் சுவர் பக்கம் நகர்த்துங்கள். படகு நிற்பது சில நிமிடம்தான், சமரியாவிலிருந்து வருபவர்களால் ஏற்கெனவே நிறைந்திருக்கும். சீட்டை முன்பே வாங்கி, 15 நிமிடம் முன்னதாகவே ஏழு பேரும் பையோடு பலகை இறங்கும் இடத்துக்கு அருகில் நின்றுகொள்ளுங்கள். ஏறியதும் வடக்குப் பக்க ஓரம் பிடித்தால் காலையில் நீங்கள் நடந்த விளிம்பு முழுவதும் கண்ணுக்கு முன்னே போகும்.